அம்மாவுக்கு வாங்கிய எம்.பி.3 பிளேயர்



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா வாசலில் மாணவர் ஒருவரின் தந்தை நமக்காகக் காத்திருந்தார். அவருடைய மகன் அம்ம ஜுஸ்உவை மனனம் செய்துகொண்டிருக்கிறான். “ஹஜ்ரத், பையன் கையில் போன் கொடுக்க மனசு வரல. குர்ஆன் கேக்க மட்டும் ஒரு சின்ன பிளேயர் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கணும்? அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா பிள்ளை சரியா ஓதக் கத்துக்குவானா?” என்று வினவினார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒன்று கருவியைப் பற்றியது. மற்றொன்று கல்வியைப் பற்றியது. முதற்கேள்விக்கு அங்கேயே ஓரளவு விடை சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்விக்கு, “எழுதித் தருகிறேன், பொறுங்கள்” என்றோம். ஏனெனில் அதற்கான விடையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் அன்னையார். கற்றுக்கொண்ட விதத்தை முழுவதும் சொன்னால்தான் விடை விளங்கும்.

திருவாமாத்தூர் விழுப்புரத்தை ஒட்டிய சிற்றூர். பம்பை ஆற்றங்கரையில் அபிராமேசுவரர் கோயிலால் அறியப்படும் ஊர். அங்கே நம் வீட்டின் கூடத்தில், கிழக்குச் சன்னலோரம், அம்மாவின் ரைஹால் பலகை எப்போதும் விரித்தபடியே இருக்கும். சுப்ஹு தொழுதபின் பெரிய எழுத்துக் குர்ஆனைத் திறந்துவைத்து, வெயில் தரையில் விழும்வரை ஓதுவார்கள். பள்ளிக்கூடப் படிப்பு அவர்களுக்கு அதிகமில்லை. சிறுமியாக இருந்தபோது தெருவில் ஓதிக்கொடுத்த ஒரு மூதாட்டியிடம் குர்ஆனும் அரபுத்தமிழும் கற்றவர்கள். அந்த ஓதல் ஐம்பது ஆண்டுகள் தடையின்றி நடந்துவந்தது.

2008ஆம் ஆண்டு அது நின்றது. நெடுநாள் சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்துவிட்டிருந்தது. முதலில் எழுத்துகளின் மேலுள்ள ஜபர், ஜேர் குறிகள் மறைந்தன. பின்னர் எழுத்துகளே மறைந்தன. புதுச்சேரிக்கு அழைத்துச்சென்று காட்டியபோது, இருக்கும் பார்வையைக் காக்க முயலலாம், போனதை மீட்க இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு திரும்பிய மறுநாள் காலையிலும் அம்மா ரைஹாலின் முன் அமர்ந்தார்கள். குர்ஆனைத் திறந்து, வரிகளின்மேல் விரலை நகர்த்தினார்கள். மனனமாக இருந்த சூராக்களை முணுமுணுத்துவிட்டு மூடிவைத்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் ஓதும் கருவி ஒன்றை வாங்கித் தரவேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று.

வீட்டில் அத்தாவின் டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களின் பாடல்களும் பயான்களும் அதில் ஒலிக்கும். ஆனால் முழுக் குர்ஆனையும் நிறுத்தி நிதானமாக ஓத ஏறத்தாழ முப்பது மணி நேரமாகும். தொண்ணூறு நிமிட கேசட்டில் அதைப் பதிவுசெய்தால் இருபது கேசட்டுகள் வேண்டும். பார்வையிழந்தவர் அந்த இருபதில் எதை எடுத்து எந்தப் பக்கத்தைப் போடுவார்? ஆகவே எம்.பி.3 பிளேயர் வாங்குவதென்று முடிவு செய்தோம். கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. அதைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த சோனி வாக்மேன் 1979இல் வந்தது. நாடாவே இல்லாத முதல் எம்.பி.3 பிளேயர்களுள் ஒன்றான எம்பிமேன் 1998இல் தென்கொரியாவிலிருந்து வந்தது. ஆப்பிளின் ஐபாட் 2001 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. நம் ஊர்க் கடைகளுக்கு மலிவான வகைகள் வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன.

விழுப்புரம் நேருஜி சாலையில் ஒரு கடையில் விசாரித்தோம். “ரெண்டு ஜிபி வாங்குங்க பாய், ஐந்நூறு பாட்டு நிக்கும்” என்றார் கடைக்காரர். நமக்குத் தேவையான கணக்கு பாட்டுக் கணக்கன்று, மணிக்கணக்கு. அதை அவரால் சொல்ல இயலவில்லை. பிறகு ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்த இளைஞர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 128 கேபிபிஎஸ் என்னும் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 1 எம்பி இடம் வேண்டும்; முப்பது மணி நேரத்துக்கு 1.7 ஜிபி ஆகும். 64 கேபிபிஎஸ் என்றால் அதில் பாதி, அதாவது 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். 32க்கு இறக்கினால் இன்னும் பாதி இடம் மிஞ்சும்.

“32லேயே போட்டுத் தரட்டுமா ஹஜ்ரத், பேச்சுக் குரலுக்கு இது போதும்” என்றார். போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டோம். குரல் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஸா, ஸீன், ஸாத் ஆகிய மூன்று எழுத்துகளும் ஒன்றுபோல் ஒலித்தன. இதற்குக் காரணம் உண்டு. எம்.பி.3 முறை, மனிதச் செவி கவனியாமல் விடக்கூடிய ஒலிகளைக் கணித்து நீக்கி இடத்தை மிச்சப்படுத்துகிறது. தரத்தைக் குறைக்கக் குறைக்க நீக்கப்படுபவை கூடுகின்றன. மேலோங்கிய நுண்ணொலிகள் முதலில் போகின்றன. சீறி வெளிப்படும் எழுத்துகளின் வேறுபாடு அந்நுண்ணொலிகளில்தான் இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு அவ்வேறுபாடு ஏற்கெனவே கடினம். கருவியும் அதை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? 64க்குக் கீழே இறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

யாருடைய ஓதலை ஏற்றுவது என்பது அடுத்த கேள்வி. காரி அப்துல் பாஸித் அவர்களின் குரலில் மயங்காதவர் இல்லை. ஆயினும் முழுக் குர்ஆனையும் முரத்தல் முறையில் 1961இல் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்த எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களையே தெரிவு செய்தோம். ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து எடுத்து, அவசரமின்றி, ஆசிரியர் சொல்லித் தருவதுபோல் ஓதக்கூடியவர்கள் அவர்கள்.

வெள்ளிநிறத்தில், சிறு திரையுடன், வட்டமான ஒரே பொத்தானுடன் அழகிய பிளேயர் ஒன்றை வாங்கிவந்து அம்மாவின் கையில் கொடுத்தோம். தடவிப் பார்த்துவிட்டு, “தீப்பெட்டி மாதிரி இருக்கே தம்பி, இதுக்குள்ளயா முப்பது ஜுஸ்உவும் இருக்கு?” என்று கேட்டார்கள். ஒலி பிறந்தது. ஃபாத்திஹா முடிந்தது. அடுத்து ஓதல் தொடங்கியதும், “இது யூனுஸ் சூராவாச்சே! பகரா எங்கே போச்சு?” என்றார்கள்.

கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தோம். கருவியோ எண்ணின் மதிப்பைப் பார்க்காமல் எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தது. 1க்குப் பின் 10, அதன்பின் 100. ஆகவே ஃபாத்திஹாவுக்குப் பின் யூனுஸ், யூனுஸுக்குப் பின் ஆதியாத்! எல்லாவற்றுக்கும் 001 முதல் 114 வரை மூன்றிலக்கப் பெயரிட்டு, அதே வரிசையில் மீண்டும் ஏற்றிய பிறகே ஒழுங்கு வந்தது. மலிவான கருவிகள் சில, பெயரைக்கூடப் பாராமல் ஏற்றிய வரிசையிலேயே ஒலிப்பதும் உண்டு. அந்த வரிசைப் பிழையைக் கண்டுபிடித்தவர் கண் தெரியாத அம்மா என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

காரியம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம். மக்தபில் காலையும் மாலையும் பிள்ளைகள். இடையில் வேறு அலுவல்கள். “கேக்கிறீங்களாம்மா?” என்று போகிறபோக்கில் வினவுவோம். “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வேறெதையோ தேடப்போய், அலமாரியில் துப்பட்டிகளுக்கு அடியில் அந்தப் பிளேயரைக் கண்டோம்.

காரணத்தை அம்மா சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். வட்டப் பொத்தானின் எந்தப் பக்கத்தை அழுத்தினால் என்ன ஆகும் என்பது திரையைப் பார்த்தால்தான் தெரியும். அம்மா இருளில் தடவி அழுத்த, அது ரேடியோவுக்கு மாறி, மஃரிப் நேரத்தில் சினிமாப் பாட்டொன்று உரக்க ஒலித்திருக்கிறது. நிறுத்தத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பேரப்பிள்ளை வரும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். மகன் ஆசையாய் வாங்கித் தந்ததைக் குறைசொல்ல மனமின்றி ஒளித்துவைத்துவிட்டார்கள். தொழுகை நேரத்தில் பாட்டு வந்ததற்காகத் தவ்பாவும் செய்துகொண்டார்களாம்.

நமக்குக் கருவியின்மேல் வந்த கோபம் சற்று நேரத்தில் நம்மேலேயே திரும்பியது. கடையில் நின்று அழகு பார்த்தோம், ஜிபி பார்த்தோம், விலை பார்த்தோம். யாருடைய விரல்கள் அதைத் தொடப்போகின்றன என்பதைப் பார்க்கவில்லை. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அதை நாமே வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வேறொன்று தேடினோம். இம்முறை கண்ணை மூடிக்கொண்டே பொத்தான்களைத் தடவிப் பார்த்து வாங்கினோம். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். திரை இல்லை, ரேடியோ இல்லை. பொத்தான்கள் தனித்தனியே இருந்தன. பென்சில் பேட்டரி ஒன்று போட்டால் போதும். மின்வெட்டு மிகுந்திருந்த அந்நாள்களில் அது பெரிய வசதி. நிறுத்திய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கும் வசதியும் அதில் இருந்தது. பகரா மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் எப்போது ஆலு இம்ரானை அடைவது? ஓடவைக்கும் பொத்தானின்மேல் ஒரு துளிப் பசையை இட்டு உலரவைத்தோம். அந்த மேட்டை விரல் எளிதில் கண்டுகொண்டது. காதுக்குள் செருகும் கம்பிகளை அம்மா விரும்பவில்லை. “யாராவது கூப்பிட்டா கேக்காது” என்றார்கள். சிறிய ஒலிபெருக்கி ஒன்றை இணைத்துக் கொடுத்தோம்.

அதன்பின் சன்னலோரம் மீண்டும் ஓதல் ஒலித்தது. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்க வேண்டும் என்பது அல்அஃராஃப் சூராவின் 204ஆம் வசனம் தரும் கட்டளை. அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். கூடத்தில் யாரேனும் பேச வந்தால் முதலில் பிளேயரை நிறுத்துவார்கள், பிறகே பேசுவார்கள். அடுப்படியில் வேலை நடக்கும்போது பின்னணிக்காக ஓடவிடுவதை ஒருபோதும் அனுமதித்ததில்லை. ஸஜ்தா வசனம் வந்தால் ஸஜ்தா செய்யவேண்டுமா என்று ஒருநாள் கேட்டார்கள். ஒலிப்பதிவைக் கேட்பதால் அது கடமையாகாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து என்றோம். “கடமை இல்லைன்னா செய்யக் கூடாதுன்னு இல்லையே” என்று சொல்லிவிட்டுச் செய்தார்கள்.

நம் சிந்தனையை மாற்றிய பேச்சு சில மாதங்கள் கழித்து நிகழ்ந்தது. மக்தபுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அம்மா பிளேயரை நிறுத்திவிட்டு அழைத்தார்கள்.

“தம்பி, இந்த மிஸ்ரு நாட்டு ஹஜ்ரத்து ரொம்ப நல்லா ஓதுறாரு. அவரு பின்னாலேயே நானும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனா நான் தப்பாச் சொன்னா அவருக்குக் கேக்காதே.”

நாம் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவர்கள் தொடர்ந்தார்கள். “நீ இத்தனை வருஷமா ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஓதிக் கொடுக்கிறே. நான் ஓதி நீ ஒருநாளும் கேட்டதில்லையே.”

குறை சொல்லும் குரலில் அவர்கள் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார்கள். அன்று மக்தபில் பாடம் நடத்தியபோது ஒரு பிள்ளையின் ஓதலும் நம் செவியில் ஏறவில்லை. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவர் என்று ஊர் நம்மை மதிக்கிறது. தஜ்வீத் பாடத்தில் ஒரு பிள்ளை ஐன் எழுத்தை அலிஃபாக உச்சரித்தால் பத்துமுறை திருத்துகிறோம். பெற்ற தாயின் ஓதலை ஐந்து நிமிடம் அமர்ந்து கேட்டதில்லை. அவர்கள் கேட்பதற்கு ஒரு கருவியை வாங்கித் தந்துவிட்டு, நாம் கேட்கவேண்டிய கடமையிலிருந்து நழுவிக்கொண்டோம்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் அம்மாவின் எதிரில் அமர்ந்தோம். “ஓதுங்கம்மா” என்றோம். மாணவியைப்போல் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஃபாத்திஹாவைத் தொடங்கினார்கள். அதிலேயே ஐன் பிழையாக வந்தது. பெரிய ஹாவும் சின்ன ஹாவும் ஒன்றாயிருந்தன. அரை நூற்றாண்டாக அப்படியே ஓதிவந்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஹுஸரீ அவர்களின் திருத்தமான ஓதலைக் கேட்டும் அது மாறவில்லை. தாம் ஓதுவது அவர்கள் ஓதுவதுபோலவே இருப்பதாக அம்மாவின் செவி நினைத்துக்கொண்டிருந்தது. நாம் எல்லோரும் அப்படித்தான். பழகிய பிழை பிழைத்தவரின் செவிக்குக் கேட்பதில்லை. அதைக் கேட்க இன்னொரு செவி வேண்டும்.

தாயைத் திருத்த நமக்கு நாவெழவில்லை. அவர்களே, “கூசாம சொல்லுப்பா, கப்ருக்குப் போறதுக்குள்ள ஃபாத்திஹாவாவது சரியாகட்டும்” என்றார்கள். தொண்டையின் நடுவிலிருந்து ஐன் பிறக்க மூன்று வாரங்கள் ஆயின. சிரமத்தோடு திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டு என்ற நபிமொழியை அந்த மூன்று வாரங்களில் பலமுறை நினைவூட்டினோம். அம்மாவுக்காக மட்டும் அதைச் சொன்னோம் என்று சொல்ல முடியாது.

குர்ஆன் நம்மை வந்தடைந்த வழியே இதுதான். ரமலான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிச் சரிபார்த்துக்கொள்வார்கள். இறுதி ஆண்டில் இருமுறை அது நிகழ்ந்தது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லித் தாம் கேட்டார்கள் நபியவர்கள். அந்நிஸா சூராவின் 41ஆம் வசனத்தை எட்டியபோது அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. யாருக்கு அருளப்பட்டதோ அவர்களே பிறர் ஓதக் கேட்டார்கள் என்றால், கேட்பது எத்துணை உயர்ந்த அமல்! கருவி ஓதும், சலிப்பின்றி நூறுமுறையும் ஓதும். அதற்கு வாய் உண்டு, செவி இல்லை.

இதை மக்தபிலும் கண்டோம். ஒரு மாணவன் பிளேயரைக் கேட்டே ஒரு சூராவை மனனம் செய்துவந்தான். காரியின் இராகமும், மூச்சு வாங்கும் இடமும்கூட அப்படியே இருந்தன. கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆனால் பெரிய காஃப் வரவேண்டிய இடமெல்லாம் சின்ன காஃபே வந்தது. இராகத்தின் இனிமை அதை மூடிவிட்டிருந்தது.

இனி அந்தத் தந்தைக்கு விடை சொல்கிறோம். பிளேயர் வாங்குங்கள், தயங்க வேண்டாம். கத்தியைப்போல் அது ஒரு கருவி. நிய்யத்தே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. முழுக் குர்ஆனுக்கு 2 ஜிபியே தாராளம். இன்று அதைவிடக் குறைந்த அளவில் கிடைப்பதே அரிது. எனவே அளவைக் காட்டி விலை சொன்னால் மயங்காதீர்கள். நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகிறதா, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறதா என்று பாருங்கள். மனனம் செய்பவருக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் வசதியை அணைத்துவையுங்கள். பாஸ் கூட்டும் அமைப்பு எழுத்துகளை மங்கவைக்கும், அதுவும் வேண்டாம். இயர்போன் மாட்டியிருக்கும் பிள்ளையை ஒரு கை தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் அழைத்துப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் ஒலியைக் குறைக்கவேண்டும். வாங்கும்முன் அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து இயக்கச் சொல்லுங்கள்.

அதன்பின், நாளொன்றுக்குக் கால் மணி நேரமாவது அவன் ஓத நீங்கள் கேளுங்கள். “எனக்கே சரியாக ஓத வராதே” என்பீர்கள். குர்ஆனைத் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். விடுபட்ட சொல்லையாவது கண்டுபிடிக்கலாம். எழுத்துப் பிழையை நாம் மதரஸாவில் பார்த்துக்கொள்கிறோம். தன் ஓதலை அத்தா உட்கார்ந்து கேட்கிறார் என்பது பிள்ளைக்குப் பெரிய பலம்.

அம்மா அதன்பின் மூன்று ரமலான்கள் இருந்தார்கள். இறுதி நாள்களில் பிளேயரை நாங்கள் ஓடவிடவில்லை. தலைமாட்டில் அமர்ந்து யாஸீன் ஓதினோம். பசைத்துளி இட்ட அந்தக் கருவி இப்போதும் அலமாரியில் இருக்கிறது. பேட்டரி போட்டால் ஓதுகிறது. சுப்ஹுக்குப் பின் அந்தச் சன்னலோரத்தில் இப்போது நம் மகள் ஓதுகிறாள்; நாம் எதிரில் அமர்ந்து கேட்கிறோம்.

நம் அன்னையரின் கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஓதும் நாவையும் கேட்கும் செவியையும் நம் வீடுகளில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.